ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டது

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியூர் போனது அதுதான் முதல் தடவை. ஜவ்வாது மலையில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா. சனி, ஞாயிறு இரண்டு நாள்.

சனிக்கிழமைக்கு லீவு கேட்கப் போன என் வீட்டுக்காரர், மேனேஜரிடம் ஒரு பேச்சுக்கு, "நீங்களும் குடும்பத்தோட வாங்க சார்" என்று சொல்லிவைத்திருக்கிறார். அந்த ஆள் நிஜமாகவே வந்துவிட்டார். மத்தியானம் பங்களா வாசலில் ஜீப் நின்றது. மேனேஜர், மனைவி, மூன்று பிள்ளைகள்.

கட்டில் போட்ட ஒரே அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வராந்தாவில் பாய் விரித்தோம். இரண்டு பேருக்குக் கட்டிப்போன புளிச்சோற்றை ஏழு பேர் தின்றோம். அப்புறம் இரண்டு நாளும் எனக்கு விறகடுப்புதான். மலையை எங்கே பார்த்தேன், புகையைத்தான் பார்த்தேன்.

"இன்னாங்க இது?" என்று பல்லைக் கடித்தேன்.

"மெதுவா பேசு, அவருக்குக் கேட்டுடும்."

கேட்கட்டும் என்றுதானே பேசினேன்!

கிளம்பும்போது மேனேஜர் மனைவி, "உங்க சமையல் பிரமாதம். அடுத்த தடவையும் சேர்ந்தே வரலாம்" என்றாள். இவர் பல்லெல்லாம் தெரிய, "கண்டிப்பா வர்றோங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கண்ணமங்கலத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கினேன். கதவோரம் நின்றுகொண்டு, "நானும் வரட்டா?" என்று கேட்டார்.

ஒரு பேச்சுக்குக்கூட நான் வாங்க என்று சொல்லவில்லை.