வெர்லீன் தாக்ஸ்டரின் இரண்டாம் பக்கம்

வெர்லீன் தாக்ஸ்டர் பத்தொன்பது வருடம் குழந்தைகளின் காதைச் சோதித்தவள். மலாட் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியுள்ள இடாஹோ ஊர்களிலும் முப்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்த மஞ்சள் வேனைச் சொல்வார்கள். பள்ளி வாசலில் வேன் நிற்கும். ஒவ்வொருவராக உள்ளே போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 'பீப்' கேட்டால் கையைத் தூக்க வேண்டும். சில வாண்டுகள் அவள் பொத்தானை அமுக்குவதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கும். அவளிடம் அந்தப் பருப்பு வேகாது. நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிடுவாள்.

மாநிலம் செலவைக் குறைத்தபோது முதலில் போனது அந்த வேன்தான். கால்பந்து மைதானத்துக்குப் புது விளக்குப் போட முடிந்தது, காதுக்கு முடியவில்லை. வெர்லீனுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. கணவன் ரூலன் ஊர் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுபவன். வியாழக்கிழமை தோறும் மேடையில் உட்கார்ந்து மூச்சு விடாமல் விலை பாடுவான். அவன் வாய்க்கு ஈடாக அவன் காதும் வேலை செய்தாக வேண்டும். ஏலம் கேட்கிறவர்கள் கூட்டத்தில் மூக்கைச் சொறிவதும் தொப்பியைத் தொடுவதுமாக விலை சொல்வார்கள். கீழே வளையத்துக்குள் இரண்டு பக்கமும் நிற்கிற ஆட்கள் அதைக் கண்டுபிடித்து "யெப்!" என்று கத்துவார்கள். அந்த "யெப்" எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு நொடியில் பிடிக்கத் தெரியாதவன் ஏலம் விட முடியாது. ரூலன் அதில் மன்னன்.

அந்த நேரத்தில்தான் துப்பாக்கிக் குழலில் மாட்டுகிற சைலன்சர்களுக்கு எங்கள் பக்கத்தில் கிராக்கி ஏறியது. செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் தன்னுடையதுதான் மெல்லிய சத்தம் என்று சத்தம் போட்டார்கள். தன் பிள்ளையை எந்தத் தாய் கருப்பு என்பாள்? யாரோ ஒரு வெளியாள் அளந்து சொன்னால் நன்றாக இருக்கும் என்று துப்பாக்கிக் கடைக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். வெர்லீன் நல்ல மைக்குகளாக இரண்டு வாங்கினாள். கொழுந்தனின் வைக்கோல் வயலில், கொட்டகைக்குப் பின்னால், அளக்கத் தொடங்கினாள். இலவசமாக எதையும் வாங்க மாட்டாள். சுடும்போது கம்பெனிக்காரன் பக்கத்தில் நிற்கக் கூடாது. காற்று கொஞ்சம் கூடினாலும் கடையைக் கட்டிவிட்டு நாளை வருவாள். நாலே வருடத்தில் அவள் கையெழுத்துக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

அவள் அறிக்கை இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் குழலின் வாய்ப்பக்கம் வைத்த மைக்கின் கணக்கு. ராணுவம் அளக்கத் தொடங்கிய காலத்திலிருந்து எல்லோரும் அங்கேதான் மைக்கை வைத்தார்கள், ஆகவே ஒன்றோடு ஒன்றை ஒப்பிட அதுதான் தோது. இந்தத் தொழிலில் 'நம்பர்' என்று மொட்டையாகச் சொன்னால் அந்த நம்பர்தான். இரண்டாம் பக்கம் வெர்லீன் தானாகச் சேர்த்தது. சுடுகிறவனின் வலது காதை ஒட்டி இன்னொரு மைக் வைத்தாள். மனிதனுக்குக் காது குழல் முனையிலா இருக்கிறது?

ஹாலோபைன் என்ற கம்பெனியின் சைலன்சர் ஒன்று வந்தது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் குட்டை ரைஃபிளில் மாட்டிச் சுட்டாள். முதல் பக்கத்தில் நூற்று முப்பத்து மூன்று டெசிபல். அருமையான நம்பர். இரண்டாம் பக்கத்தில் நூற்று நாற்பத்தேழு. அந்த வகை ரைஃபிளில் முன்வாயை அடைத்தால், அடைபட்ட புகை பின்னால் திரும்பி, காலித் தோட்டா வெளியேறும் ஓட்டை வழியாகச் சுடுகிறவன் வலது கன்னத்தில் அறையும். பதினான்குதானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. காதில் மோதுகிற சக்தி இருபத்தைந்து மடங்கு. இந்தத் தொழிலில் நூற்று நாற்பதை ஒரு கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே வந்தால் 'காதுக்குப் பாதுகாப்பு' என்று போட்டுக்கொள்வார்கள். ஒரு வெடிக்குச் சொன்ன கோடு அது. நாள் முழுக்கச் சுடுகிறவனுக்கு யார் சொன்னார்கள்?

இரண்டு பக்கத்தையும் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். ஒப்பந்தத்தில் 'முடிவுகளை முழுமையாகவோ பகுதியாகவோ வெளியிடலாம்' என்று ஒரு வரி இருந்தது. எல்லோருடைய ஒப்பந்தத்திலும் இருக்கிற வரிதானே என்று விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் துப்பாக்கிக் கடையில் ஹாலோபைன் விளம்பரம் கிடைத்தது. பளபளக்கும் தாள். நடுவில் பெரிதாக 133. 'காதுக்குப் பாதுகாப்பு' என்று ஒரு வரி. கீழே, 'சுயேச்சையான சோதனை: வெர்லீன் தாக்ஸ்டர், மலாட்'. இரண்டாம் பக்கத்தைப் பற்றி மூச்சு இல்லை. வெர்லீனும் அதை அப்போது தேடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அச்சில் தன் பெயரைப் பார்த்த பூரிப்பில் தாளை வெட்டி எடுத்துவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். பாவம், வேன் போன பிறகு அவளை யார் பாராட்டினார்கள்?

அன்றைக்கு இரவு உணவுக்கு உட்காரும்போது ரூலன் அதைப் பார்த்தான்.

"இது நீ அளந்ததுதானே?"

"பேரு போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

"நல்ல சாமானா? சும்மா ஊதுறாங்களா?"

"நம்பர் நல்லாத்தான் இருக்கு."

"ஒண்ணு வாங்கிப் போடட்டுமா?"

"வாங்கேன்," என்றாள். உருளைக்கிழங்கும் சீஸும் வெந்த பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் மான் வேட்டைக்கு எடுத்துப்போகிற பழைய ரைஃபிளை மனத்தில் வைத்துச் சொன்னாள். அதில் கையால்தான் தோட்டா ஏற்ற வேண்டும், பின்னால் புகை வராது. எந்த ரைஃபிளுக்கு என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சைலன்சர் வைத்துக்கொள்ள அரசாங்க அனுமதி வர ஒன்பது மாதம் ஆனது. ஏப்ரலில் பனி உருகியதும் எங்கள் பக்கம் தரை அணில்கள் கூட்டம் கூட்டமாக வளையை விட்டு வெளியே வரும். சீழ்க்கைப் பன்றி என்றுதான் நாங்கள் திட்டுவோம். குதிரைமசால் பயிரை வேரோடு மொட்டையடித்துவிடும். ரூலனும் சந்தை நண்பர்கள் இரண்டு பேரும் மடக்கு நாற்காலி போட்டு, இரண்டு நாள் காலையிலிருந்து மாலை வரை சுட்டார்கள். நண்பர்கள் தள்ளி உட்கார்ந்து, காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டார்கள். ரூலன் மாட்டவில்லை. புது சைலன்சர் இருக்கும்போது எதற்கு? அவன் அதை மாட்டியிருந்தது, அவனிடமிருந்த தானாகத் தோட்டா ஏற்றும் குட்டை ரைஃபிளில். அறுநூறு தோட்டா போயிருக்கும்.

அந்த வியாழக்கிழமை வலது பக்கத்து ஆள் லைமன் கத்திய "யெப்" ஒன்று ரூலனுக்கு விழவில்லை. பத்துக் கிடாரிகள் குறைந்த விலைக்கு இடது பக்கத்தில் கேட்டவனுக்குப் போயின. சளி என்று சிரித்துச் சமாளித்தான். அடுத்த வாரம் மூன்று முறை தவறியது. சந்தை முதலாளி டாரல் மேடைக்கே ஏறி வந்தார்.

"என்னடா ரூலன், லைமன் தொண்டை கிழியக் கத்துறான். நீ பாட்டுக்கு ஓபரா பாடிட்டிருக்க?"

"சளி அடைச்சிருக்கு டாரல்."

"ரெண்டு வாரமா ஒரே காதுலயாடா சளி?"

வெர்லீன் பரணிலிருந்து பழைய காதுச் சோதனைப் பெட்டியை இறக்கினாள். ரூலனைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். தாளில் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி, வலது காதுக்குச் சிவப்பு வட்டம்; குறி எவ்வளவு கீழே இறங்குகிறதோ காது அவ்வளவு மந்தம். நீலக் குறிகள் வயதுக்குத் தக்கபடி இறங்கின. சிவப்பு வட்டங்கள் பாதித் தாளில் விழுந்து, அப்புறம் எழவே இல்லை. பொத்தானை அமுக்கினாள், இன்னும் கூட்டி அமுக்கினாள். ரூலனின் கை மடியிலேயே கிடந்தது.

"அணில் சுட்டப்போ காதுல என்ன போட்டிருந்த?"

"ஒண்ணும் போடல. சைலன்சர்தான் மாட்டியிருந்தேனே."

"எந்தத் துப்பாக்கில?"

சொன்னான். அப்புறம், சமாதானம் சொல்வதுபோல, "உன் பேரு போட்டிருக்கே வெர்லீன்," என்றான்.

மறுநாள் காலையில் ஹாலோபைனின் விளம்பரப் பிரிவைக் கூப்பிட்டாள். கிம்பல் சோர்லி என்ற இளைஞன் எடுத்தான். தேன் ஒழுகும் குரல்.

"கிம்பல், என் ரிப்போர்ட்ல ரெண்டாம் பக்கம் எங்க போச்சு?"

"எங்ககிட்ட பத்திரமா இருக்கு மேடம்."

"பத்திரமா வெச்சு என்ன பண்றீங்க, அடைகாக்கறீங்களா? விளம்பரத்துல ஏன் போடல?"

"யாருமே போடறதில்ல மேடம். நாங்க மட்டும் காது நம்பரப் போட்டா, பக்கத்துல இருக்கற சாமானவிட எங்களது மட்டமாத் தெரியும். நாங்க போட்டதுல ஒண்ணாவது பொய்யா, நீங்களே சொல்லுங்க? நூத்தி முப்பத்திமூணு உங்க நம்பர்தானே?"

"நூத்தி நாப்பத்தேழும் என் நம்பர்தான். காதுக்குப் பாதுகாப்புன்னு நான் எங்க எழுதினேன்?"

"அது நீங்க எழுதினதுன்னு நாங்களும் சொல்லலையே. அந்த வரிக்கும் உங்க பேருக்கும் நடுவுல ஒரு கோடு போட்டிருக்கோம், பாருங்க."

குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பார்த்தாள். இருந்தது. தலைமுடி அளவுக்கு மெல்லிய சாம்பல் கோடு.

"என் புருஷனுக்கு வலது காது போயிருச்சு," என்றாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். காதுக் கவசம் கட்டாயம் போடணும்னு கையேட்டோட கடைசிப் பக்கத்துல சொல்லியிருக்கோம்." அடுத்த மாதம் புது மாடல் வருகிறது, அளந்து தருவீர்களா என்று அதே மூச்சில் கேட்டான். வெர்லீன் ஃபோனை வைத்துவிட்டாள். இப்படி ஒரு பிறவியும் உண்டா?

இத்தனை வருடத்தில் அளந்த எல்லா சைலன்சரின் இரண்டாம் பக்கத்தையும் தன் இணையப் பக்கத்தில் ஏற்றினாள். பன்னிரண்டு கம்பெனி. பெரும்பாலானவை நூற்று நாற்பதுக்கு மேலே. ஒருவரும் மறுக்கவில்லை. யாரும் வழக்கும் போடவில்லை. அவளிடம் அளக்கக் கொடுப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். புருஷன் செவிடானதும் அம்மாவுக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். அதில் எரிச்சலாக இருந்தது என்னவென்றால், அது முழுப்பொய் இல்லை.

ஜூன் கடைசி வியாழக்கிழமை டாரல் ரூலனின் கையைக் குலுக்கி, எல்லோர் முன்னிலும் ஒரு வெள்ளி பெல்ட் பக்கிளைக் கொடுத்து வேலையிலிருந்து அனுப்பிவைத்தார். வளையத்து ஆட்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். ரூலன் சிரித்துக்கொண்டே இறங்கினான். பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு அந்தச் சிரிப்பு இல்லை.

அவன் ஓட்டினான். வெர்லீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அதாவது அவனுடைய வலது பக்கத்தில். வயல்களைப் பார்த்தபடி பேசினாள்.

"அன்னைக்கு சாப்பிடறப்போ நீ கேட்டியே ரூலன். ரெண்டாம் பக்கம் எனக்கு அப்பவே தெரியும். நானே அளந்ததுதானே. எந்தத் துப்பாக்கிக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் பேரு அச்சுல வந்த சந்தோஷத்துல எனக்கு அது தோணல."

அவன் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். தாடை அசையவில்லை. கோபம் என்று நினைத்தாள். ஒரு மைல் போன பிறகுதான் உறைத்தது, அவனுக்கு ஒன்றுமே விழவில்லை.

வீட்டு வாசல் கம்பிக் கேட்டின் முன் வண்டியை நிறுத்தினான். வழக்கமாக அவள்தான் இறங்கித் திறப்பாள். இறங்கினாள், கேட்டுக்குப் போகவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு அவன் ஜன்னலுக்கு வந்து நின்றாள். இப்படியே விட்டுவிட்டால் அவனுக்குத் தெரியவே வராது. அந்த நினைப்பும் அவளுக்கு வந்தது. இடது காதுக்கு நேராக, அதே வார்த்தைகளை, ஒன்றுகூட விடாமல் மறுபடியும் சொன்னாள்.

ரூலன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்த விளம்பரத்த நான் பெருசா நம்பல வெர்லீன். விளம்பரம்னா அப்படித்தான் புளுகுவான். அதனாலதான உன்னக் கேட்டேன்."

அவள் போய்க் கேட்டைத் திறந்தாள். அவன் வண்டியை உள்ளே ஓட்டிக்கொண்டு போனான். வெர்லீன் கேட்டைச் சாத்திவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.