சீட்டில் விழுந்த சிவப்பு

டிரில் மாஸ்டர் இராஜாங்கத்தைப் பெரிய ஆசிரியர் என்று யாரும் சொன்னதில்லை. கணக்கு வாத்தியார் கேட்டால் தன் பாடவேளையைத் தாராளமாக விட்டுக்கொடுப்பார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று ஊர் நினைத்தது. அவரும் மறுத்துப் பேசியதில்லை. காத்தாயி ஓடியதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அப்படிக் கொடுக்க மனம் வரவில்லை.

திருவாரூருக்குக் கிழக்கே இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில், கூலிக்காரர் தெருவிலிருந்து பத்தாம் வகுப்பைத் தொட்ட முதல் பெண் அவள். கணக்கில் பதினெட்டு மார்க்.

"ஓட்டம் இருக்குன்னுதான் சார் வர்றேன். இல்லன்னா அம்மா நடவுக்கு இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்று அவளே சொல்லியிருந்தாள்.

அறுபத்தேழில் ஆட்சி மாறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டுக் கூலிக்காரர்கள் செங்கொடி பிடித்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அந்தப் புரட்டாசியில் பள்ளி விளையாட்டு விழா வந்தது. ரிலேயில் ஜெயிக்கிறவர்கள் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். சாயங்காலம் சேர்ந்து பயிற்சி செய்ய வசதியாக இருக்குமென்று இராஜாங்கம் தெருவாரியாக நான்கு அணி பிரித்தார். சீட்டுக் குலுக்கி நிறம் கொடுத்தார். கூலிக்காரர் தெருவுக்குச் சிவப்பு விழுந்தது. அவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

ஊருக்குத் தெரிந்தது. இருபது பிள்ளைகள் சிவப்புக் கொடியோடு, விசிலுக்கு அடியெடுத்து மைதானத்தைச் சுற்றியதை மிராசுதார் ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் தலைமையாசிரியர் பஞ்சநாதன் கூப்பிட்டார்.

"என்னய்யா, டிரில் சொல்லித் தர்றீரா, கட்சிக்கு ஆள் சேக்குறீரா?"

"சீட்டுல விழுந்த நிறம் சார்."

"தெருத்தெருவா பிரிக்கணும்னு எந்தச் சீட்டுல இருந்துச்சு? அதுகளைக் கலைச்சு மத்த அணியில போடும். இல்லன்னா விழாவே கிடையாது."

விழா நடந்தால் போதும், காத்தாயி எந்த நிறத்தில் ஓடினால் என்ன என்று இராஜாங்கம் நினைத்தார். பயம் பெரும்பாலும் நியாயம் மாதிரித்தான் பேசும். அவளை மேலத்தெருவின் நீல அணிக்கு மாற்றினார். அவளோடு ரிலே ஓடிய மூன்று பெண்களையும் ஆளுக்கொரு பக்கம் பிரித்தார்.

"கொடிதானே சார் தப்பு? அதை நீங்களே வச்சுக்கங்க. நாங்க நாலு பேரும் சும்மா ஓடுறோம்" என்றாள் காத்தாயி.

பள்ளி மணி அடித்தது. அதையே சாக்காக வைத்து அவர் அடுத்த வகுப்புக்கு நடந்தார்.

விழாவுக்கு அவள் வரவில்லை. பிறகும் வரவில்லை. பத்தாம் நாள் சைக்கிளில் தேடிப் போனார். அரைப்படி கிடைக்காமலே சனங்கள் நடவுக்கு இறங்கியிருந்தார்கள். அவள் முழங்கால் சேற்றோடு வரப்போரம் வந்தாள்.

"வாங்க சார்."

"ஸ்கூலுக்கு வா, காத்தாயி."

"எதுக்கு சார்?"

படிக்க என்று சொல்ல வந்தவர், சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"ரிலே யாரு ஜெயிச்சா?" என்று அவளே கேட்டாள்.

"நீலம்."

"கடைசியா ஓடுனது?"

"சௌந்தரநாயகி."

"அவ திரும்பிப் பாத்துக்கிட்டே கட்டையை வாங்குவா சார். பாக்காம கையை நீட்டச் சொல்லுங்க. மாவட்டத்துல அது ஆகாது."

"சொல்றேன்."

"ஏய், நாத்து காயுது! அங்க என்னடி பேச்சு?" என்று அவள் அம்மா கத்தினாள்.

காத்தாயி போய் வரிசையில் குனிந்தாள். நடவுக்காரப் பெண்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள். இராஜாங்கம் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லோருக்கும் முந்தி அவளே பின்வரப்பைத் தொட்டாள்.