ஓடையில் பிறந்த வெளிச்சம்

காலையில் எழுந்து மூக்கைச் சிந்தினால் கரி வரும். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், காற்றுப் புக வழியில்லாத ஒற்றைக் காம்பரா அறையில், "குப்பி லாம்பு" கக்கிய மண்ணெண்ணெய்ப் புகையைச் சுவாசித்துக்கொண்டே தூங்கிய பிள்ளைகளான எங்களுக்கு, எல்லார் மூக்கிலும் கரிதான் இருக்கும் என்று எண்ணம். மேலே தேயிலைத் தொழிற்சாலையில் வரிசையாக விளக்குகள் எரியும். அந்த மின்கம்பி லயம்வரை இறங்கி வந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பதுளையிலிருந்து வந்த சில இளைஞர்கள், எங்கள் ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்ற வைத்தால் வீட்டுக்கு ஒரு பல்ப் எரியும் என்றார்கள். ஞாயிறுதோறும் லயமே மண்வெட்டியோடு கிளம்பி வாய்க்கால் வெட்டியது. முதல் பல்ப் எரிந்த மாலையில் அம்மா விளக்கைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்து, "ஐயையோ, இவ்ளோ அழுக்கா?" என்று துடைப்பத்தைத் தேடினார். யாராவது ரகசியமாக அயர்ன் போட்டால் லயம் முழுக்க வெளிச்சம் மங்கிவிடும். உடனே எல்லாரும் வாசலுக்கு வந்து, "எவ வீட்டுலடி அது?" என்று கத்துவார்கள்.

அடுத்த வறட்சியில் ஓடை மெலிந்தது. ஒருநாள் சக்கரம் நின்றுவிட்டது. வாய்க்காலின் வாயைக் கல்லும் மண்ணும் போட்டு யாரோ அடைத்திருந்தார்கள். "நாட்டுப்பக்கத்து ஆளுங்க வேலதான்" என்று, கீழே இருந்த சிங்களக் கிராமத்தைக் காட்டி ஆண்கள் கொதித்தார்கள். இனச் சண்டை நடந்த அந்த வருடங்களில் அப்படியொரு கோபம் எங்கே போய் முடியும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தார்.

"நீங்க யாரும் போக வேணாம். நான் போறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஓடையோரத்து வயலில் சோமாவதி என்ற விதவை நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் தெரிந்த தமிழில், "நான்தான் அடைச்சது, நங்கி" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் அவருடைய வயலுக்குக் கீழே போய்த்தான் மறுபடி ஓடையில் சேர்கிறது, நடுவில் வயலுக்குத் தண்ணீர் கிடைக்காது என்பதை நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. நாற்றங்கால் மஞ்சளாகி வெடித்துக் கிடந்தது. சண்டைக்கென்று வந்த அம்மா குனிந்து ஒரு நாற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரை அக்கா என்று சிங்களத்திலேயே அழைத்துச் சொன்னார்:

"பகல்ல தண்ணி உங்களுக்கு அக்கே. பொழுது சாஞ்சா எங்களுக்கு விடுங்க. புள்ளைங்க படிக்கணும்."

சோமாவதி என்னைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

லயத்தில் அம்மாவுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. "யாரக் கேட்டு தண்ணிய குடுத்த?" என்று அப்பாவே கத்தினார். "அந்த நாத்தப் போய்ப் பாத்துட்டு வந்து கேளுங்க" என்றார் அம்மா. அப்பா போனார். திரும்பி வந்து தேத்தண்ணி கேட்டார். மறுநாளிலிருந்து மாலையானதும் சோமாவதியே எங்கள் வாய்க்காலின் மடையைத் திறந்துவிட்டார், ஒருநாளும் தவறியதில்லை.

மழை வந்து அறுவடை முடிந்ததும் அவர் ஒரு பை புது அரிசியோடு லயத்துக்கு ஏறி வந்தார். அவர் வீட்டிலும் குப்பி லாம்புதான் என்று அம்மா எல்லாரிடமும் சொன்னார். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறே மூங்கில் கம்பங்கள் நட்டு ஓடையைத் தாண்டி அவர் வீட்டுக்குக் கம்பி இழுத்தார்கள். பல்ப் எரிந்ததும் சோமாவதி அதன் கீழே நின்று தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

சில வருடங்களில் லயத்துக்குப் பெரிய மின்கம்பி வந்தது. சக்கரத்தைக் கழற்றிவிட்டார்கள், இயந்திரக் குடிசை இருந்த இடத்தில் இப்போது மானாப்புல்தான். சோமாவதியும் இல்லை. நான் இப்போது ஹாலிஎல நகரத்தில் இருக்கிறேன். கூரையில் சூரியத் தகடு போடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்த நாட்களில், நான் படிக்கும் வெளிச்சம் யார் வயலின் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். அவருடைய முகமும் தெரியும். இன்று சுவிட்சைத் தட்டும்போது எனக்கு யாரையும் தெரியவில்லை.