புலி ஸ்டாம்புக்கு அடியில்

எங்கள் பக்கம் ஒருவனைத் திருடன் என்று சொன்னால்கூடக் கடைசியில் ஒரு ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார்கள். தொண்ணூறுகளில் கோயம்புத்தூர் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த ஸ்டாம்பு கண்காட்சியில் அந்த மரியாதை எனக்கும் கிடைத்தது.

கல்யாணமான புதிதில் அப்பா மலாயா ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். வெள்ளைக்காரன் காலம். அங்கிருந்து கொடுமுடிக்கு, அம்மாவுக்கு, அவர் போட்ட கவர்களைத்தான் பாயும் புலி ஸ்டாம்புகளோடு காட்சிக்கு வைத்திருந்தேன். நடுவராக வந்த இளைஞர் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“ஏனுங்க, இதெல்லாம் எங்கீங்க வாங்குனீங்க?”

“வாங்கலீங்க. எங்கப்பா எங்கம்மாவுக்குப் போட்டதுங்க.”

“எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க.”

எனக்கு உச்சிமண்டை வரை சூடேறிவிட்டது. ஆனால் அவர் காட்டிய இடம் சரிதான். தபால் முத்திரையின் வட்டம் பாதி ஸ்டாம்பிலும் பாதி கவரிலும் விழும். இரண்டும் சேர்ந்தால்தான் அசல். இங்கே சேரவில்லை. பசை காய்ந்து விழுந்ததைத் திரும்ப ஒட்டியிருப்பார்கள் என்று இத்தனை நாள் நானும் சும்மா இருந்துவிட்டேன். எல்லாக் கவரிலுமா விழும்? போலி என்று இவர் எழுதிவிட்டால் அப்பா போட்ட கடிதங்களே பொய்யாகிவிடும். அதைவிட மோசம், எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அசல் ஸ்டாம்பை வீட்டில் யாராவது விற்றுப்போட்டு வேறு எதையோ ஒட்டிவிட்டார்களா? தம்பியா? சே!

பக்கத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

“அவனை ஏங் கண்ணு மெரட்டற? அது எம்பட மாமனார் வேலை,” என்றார் நடுவரிடம். “ஸ்டாம்புக்கு அடியில பையன் பொண்டாட்டிக்குத் தனியா எதாச்சும் எழுதிப்போட்டிருப்பான்னு அவுருக்குச் சந்தேகம். கடுதாசி வந்தா மொதல்ல தண்ணியத் தொட்டு வெச்சு உரிச்சுப்போடுவாரு. அப்பறம் நாந்தான் சோத்துப் பருக்கையில ஒட்டி வெப்பேன்.”

நடுவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

“ஐயா எழுதியிருந்தாருங்களா அம்மா?”

அம்மா சிரிக்கவில்லை.

“அவுரு உரிக்கறப்பெல்லாம் நானும் பின்னால நின்னு எட்டி எட்டித்தான் பார்ப்பேன். ஒரு தடவைகூட ஒண்ணும் இருந்ததில்ல, கண்ணு.”