சிரிக்கிற குழாயடி

பெங்களூர் ஈஜிபுராவில் எந்தக் கல்யாணமானாலும் வீடியோ எங்கள் உத்தமன்தான். "இங்க பாருங்க, சிரிங்க" என்று சொல்லிச் சொல்லியே தெருவைப் பழக்கி வைத்திருந்தார். கடைசியில் அதுவே அவர் கழுத்தைப் பிடித்தது.

2003இல் ஒரு ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் சீனப் படம் ஒன்றைப் போட அவருடைய புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்தார்கள். பாட்டில்லை, பின்னணிக் குரல்கூட இல்லை. இடிக்கப்போகும் தெருவொன்றில் யாரோ ஒருவர் சின்னக் கேமராவோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். ஜனங்கள் திட்டுகிறார்கள், அழுகிறார்கள், சாப்பிடுகிறார்கள். ஒருவர்கூடக் கேமராவைப் பார்ப்பதில்லை. இந்த மாதிரிப் படங்களுக்குச் சீனாவில் தியேட்டர் கிடைக்காதாம். டிஸ்க்கில் பிரதியெடுத்து டீக்கடையிலும் கல்லூரி அறையிலும் காட்டுவார்களாம், பார்த்தவர்கள் எழுந்து கேள்வி கேட்பார்களாம். கூட்டம் நடத்தியவர் இதைச் சொன்னதும் உத்தமனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

காரணம் இருந்தது. எங்கள் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. அவர் மகள் வீணாவுக்கு மறுபடியும் மஞ்சள் காமாலை. வார்டு இஞ்சினியர் நாங்கள் கொடுத்த மனுவைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்த்தாவது குழாயை மாற்றட்டும் என்று கேமராவோடு குழாயடிக்குப் போனார்.

அங்கே எங்கள் தெருச் சின்னத்தாயி, குடத்தை முந்தி வைத்த ஒருத்தியின் கொண்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததுதான் தாமதம், கொண்டையை விட்டார், முந்தானையைச் சரிசெய்தார், அடிபட்டவள் தோளிலேயே கைபோட்டுச் சிரித்தார்.

"அக்கா, கேமராவ பாக்காதீங்க. சண்டைய போடுங்க!"

"நல்லா இருக்குதுப்பா! சம்பந்தி வூட்டுல பாத்தா என்னா நெனப்பாங்க?"

தினமும் போய் நின்றார், தினமும் இதே கூத்து. ஒரு நாள் தெருவையே பெருக்கிக் கோலம் போட்டு வைத்திருந்தார்கள். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்? குழாயிலிருந்து கறுப்பாகக் கொட்டுவதை மட்டும் ஒருவழியாக எடுத்தார். அதைச் சுற்றி அத்தனை பேரும் பல் தெரிய நின்றார்கள்.

இஞ்சினியர் டிவியில் போட்டுப் பார்த்தார். "ஏனப்பா இது? ஜனங்க ஜாலியா இருக்காங்களே! கெட்ட தண்ணி வந்தா எவனாச்சும் சிரிப்பானா? உன் கேமராதான் சரியில்ல, ஹோகு" என்று பாதிக் கன்னடத்தில் விரட்டி வாசலைக் காட்டினார்.

உத்தமன் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வீணா தலையைத் தூக்க முடியாமல் பாயில் கிடந்தாள். கண் மஞ்சளாகப் பூத்திருந்தது. இந்தக் கண்ணைக் காட்டினால் அந்த ஆள் என்ன சொல்வான் பார்க்கிறேன் என்று கேமராவை எடுத்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பிள்ளை மெதுவாகக் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். முடியை ஒதுக்கினாள். அப்பா கற்றுக்கொடுத்த மாதிரியே சிரித்தாள்.

"சிரிக்காத பாப்பா" என்றார்.

"ஏம்ப்பா, நல்லா வரலியா?"