பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டவள்

ஷைனி பிடிவாதக்காரி என்று கவரைப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்பவர்களில் பாதிப்பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். அதனால் முழுசாக நம்ப வேண்டாம். அவள் காதைப் பற்றிச் சொன்னால் மட்டும் நம்பலாம். கல்யாணத்துக்கு முன்பு கும்மிடிப்பூண்டியில் மோட்டார் செய்கிற ஒரு கம்பெனியில் அவளுக்குச் சத்தம் கேட்கிற வேலை. மோட்டாரை ஓடவிட்டுக் கேட்டு, கரகரப்பதை ஒதுக்கி வைக்க வேண்டும். ரொம்ப ஒதுக்குகிறாள் என்று சூப்பர்வைசர் அவளைப் பேக்கிங் பக்கம் தள்ளினார். அன்றைக்கே அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அப்புறம் ஆட்டோ. இப்போது சுப்பராயனின் வேன். ஷிப்டுக்குப் போகிற பெண்களை ஏற்றிப்போய்க் கம்பெனி வாசலில் விடுகிறாள்.

ஆயுத பூஜை கழிந்த வாரம், இன்ஜினிலிருந்து ஒரு கரகரப்பு வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறியது. சுப்பராயனிடம் சொன்னாள். பழைய வண்டி என்றால் முனகத்தான் செய்யும், பாட்டைக் கொஞ்சம் ஏத்தி வை என்றார் அவர். மறுநாள் மதிய ஷிப்டுக்குப் போகும்போது சத்தம் தடித்துவிட்டது. பெரிய ரோட்டில் ஏறுவதற்கு முன்பே டீக்கடை ஓரமாக வேனை நிறுத்தினாள்.

வேன் முழுக்க முணுமுணுப்பு. எல்லாருக்கும் சேர்த்துக் கன்னியம்மா கத்தினாள். இருக்கிறவர்களில் மூத்தவள், அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது.

“ஏ ஷைனி, கம்பெனி கேட்ட மூடிட்டா அரை நாளு போச்சு. கம்பெனியாண்ட போய்ப் பாத்துக்கலாம், எட்றீ வண்டிய.”

ஷைனி காதில் வாங்கவில்லை. நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டாள். மேலே எல்லாம் ஒழுங்கு. முன்பக்கம் வர வர இரைச்சல் கூடியது. இன்ஜினை அணைத்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிஷம் ஓடவிட்டாள். சத்தம் அடங்கிப் போனது. அப்படியென்றால் இன்ஜின் வயிற்றில் கோளாறு இல்லை. பெல்ட் சுற்றுகிற ஏதோ ஒன்றில்தான். ஒவ்வொன்றாகக் கையால் சுற்றினாள். டைனமோ வழுவழுவென்று சுற்றியது. வாட்டர் பம்பின் சக்கரமோ விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அதன்மேல்தான் ஃபேன் உட்கார்ந்திருக்கிறது. பம்பு விட்டுப்போனால் ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டு போகும். பின்னால் கன்டெய்னர் லாரி வரும்போது வேன் நடுரோட்டில் நிற்கும்.

செல்போன் வெளிச்சத்தை அடித்துச் சக்கரத்தின் பின்னால் பார்த்தாள். நைலான் நூல் இறுகச் சுற்றி, உருகி, தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையத்தை அறுத்திருந்தது. பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது.

பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது பூஜை மாலையின் நூல். சர்ச்சுக்குப் போகிறவள்தான் என்றாலும், பெண்கள் ஆசைப்பட்டார்கள் என்று வண்டி முகத்தில் மாலையை இழுத்துக் கட்டியவள் அவளே. பூஜைக்குக் கட்டியதை யாரும் அறுக்க மாட்டார்கள், காய்ந்து தானாக விழட்டும் என்று விட்டுவிடுவார்கள். பூ விழுந்தது. நூல் கிரில் வழியாக உள்ளே போய்விட்டது. தொங்கிக்கொண்டிருந்ததைத் தினமும் பார்த்தும் அவள் கை வைக்கவில்லை.

அவமானமாக இருந்தது. பிய்த்துத் தூர எறிந்திருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. அவளோ நூலை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, தான் கட்டிய மாலைதான் என்று சொன்னாள். சுப்பராயனுக்குப் போன் போட்டு அதையே சொன்னாள். அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது.

“உன் தப்புதானம்மா? நூலப் பிச்சிப் போட்டுட்டு ஓட்டினு போ. முடியாதுன்னா சாவியக் குடுத்துட்டு எறங்கிக்க. இன்னொரு டிரைவரு அன்புசெல்வன அனுப்பறேன், அவன் ஓட்டுவான்.”

“தப்பு என்னுதுதாண்ணா. உசுரு இவங்களுது. அவர அனுப்புங்க, சாவியக் குடுத்துடறேன். பெல்ட்ட குடுக்க மாட்டேன், அது இல்லாம ஓட்டட்டும் பாக்கலாம்.”

போனை வைத்துவிட்டு, பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்பேர் கடையைப் பார்த்து வெயிலில் நடந்தாள். வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தாள். வீட்டுக்காரர் ஸ்டீவனுக்கு அத்திப்பட்டில் கான்ட்ராக்ட் வேலை, இருந்தால் உண்டு. இருந்தும் கால் நிற்கவில்லை.

பின்னால் கன்னியம்மாவின் வசவு கேட்டுக்கொண்டே இருந்தது. வைது முடித்துவிட்டு அவளே தங்கள் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் செய்து, வண்டி ரிப்பேர், லேட்டாகத்தான் வருவோம் என்று வைதாள். அன்புசெல்வன் வந்து, ஆடுகிற சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். சாவியைக் கேட்காமலே டீ குடித்துவிட்டுப் போய்விட்டான். ஷைனி புதுப் பம்பைப் பூட்டினாள். பெண்கள் டீக்கடையிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரை நிரப்பினார்கள். எல்லாருக்கும் அரை நாள் போயே போயிற்று. அந்த ஆத்திரத்தில் பல பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்டு யார் பின்னாலும் அலையவில்லை.

மறுநாள் சாவி வாங்கச் சுப்பராயனே ஸ்டாப்புக்கு வந்தார். ஷைனி சாவியை நீட்டினாள். இன்னொரு கையில் கழற்றிய பழைய பம்பு.

“ஒரு தபா சுத்திப் பாருங்கண்ணா. உங்க ஊட்டம்மாவ முன்சீட்டுல உக்கார வெச்சி இத ஓட்டினு போவீங்களா?”

அவர் விரலால் சுற்றினார். கரகரவென்று பாதியில் சிக்கி நின்றது. வேனுக்குள்ளிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சாவியை வாங்கவில்லை. இனிமேல் இப்படி நடுவழியில் நிறுத்தக்கூடாது என்று மட்டும் விறைப்பாகச் சொன்னார்.

“சத்தம் வந்தா நிறுத்துவேண்ணா” என்று சொல்லிவிட்டு, ஷைனி வண்டியை எடுத்தாள்.