இடது கால் பூட்ஸ்

மழையில் பந்தாடிவிட்டு வந்து பேரன் வாசலில் கழற்றிப் போட்ட பூட்ஸின் ஈரத்தோல் வாடை மூக்கில் ஏறியதும், றக்வானத் தோட்டத்தில் ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த, இப்போது செம்பனை மண்டிக் கிடக்கும் அந்தச் சரிவு மைதானத்துக்கே போய்விட்டேன். அங்கே என் அண்ணன் கோலுக்கு முன்னால் தடுத்து ஆடுவான். மற்றவர்களைப் போலப் பந்தைக் கண்மூடி விரட்டாமல், எந்தக் காலுக்கு வந்தாலும் அந்தக் காலாலேயே முன்னால் நிற்பவனின் காலடிக்கு உருட்டிவிடுவான். தோட்டத்துத் துரை கழித்துப்போட்ட ஒரே ஜோடி பூட்ஸில், வலதை வலதுகாலால் அடிப்பவனுக்கும் இடதை இடதுகாலால் அடிப்பவனுக்கும் கொடுத்த, எங்கள் டீமையும் மேய்த்த கங்காணி, "ஒனக்கு எதுக்குடா? ரெண்டு காலும்தான் ஓடுதே" என்று அண்ணனை வெறுங்காலோடு இறக்கினார். மைதானத்து ஓரம் வெட்டிவிட்ட ரப்பர் மரத்தின் கூர்க்கட்டை அவன் வலது பாதத்தில் குத்தி ஏறியபோதும், "இன்னொன்னு இருக்குல்ல, அதுல அடிடா" என்று கத்தினார். அடித்தான். ஜெயித்தோம்.

புண் அழுகி, ஆஸ்பத்திரியில் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். அவன் எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பிய அன்று கங்காணி அந்த இடது பூட்ஸைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

"இனி ஒனக்கு இது ஒண்ணு போதும்ல, தம்பி."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அவர்கள் எல்லோருக்கும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.